பழைய டீசல் கார் வாங்குவோர் எஞ்சினைப் பற்றி அடிக்கடி கேட்கும் கேள்விகள்

உறவினர்களுக்காகவும் நண்பர்களுக்காகவும் பழைய கார் பார்க்கப் போவது பல ஆண்டுகளாக என் பழக்கமாகிவிட்டது. போகிற இடமெல்லாம் ஏறக்குறைய இதே கேள்விகள்தாம் வருகின்றன என்பதால், டீசல் எஞ்சின் தொடர்பானவற்றை மட்டும் இங்கே எழுதி வைக்கிறேன். ஆர்.சி. பெயர் மாற்றம், காப்பீடு, கடன் ஆகியவை எஞ்சினோடு தொடர்புபடும் இடங்களில் மட்டும் வரும்.

டீசல் காரில் "எஞ்சின் போய்விட்டது" என்கிறார்களே, உண்மையில் எது போகிறது?

பெரும்பாலான நேரங்களில் எஞ்சின் போவதில்லை. அதைச் சுற்றியிருப்பவைதாம் போகின்றன. டீசல் எஞ்சினில் தீப்பொறி பிளக் கிடையாது. காற்றைப் பதினாறு முதல் பதினெட்டு மடங்கு வரை அழுத்தி, அதில் எழும் சூட்டிலேயே டீசல் பற்றிக்கொள்கிறது. அந்த அடியைத் தாங்க வேண்டும் என்பதற்காகவே பிளாக், கிராங்க், பிஸ்டன், கனெக்டிங் ராடு எல்லாம் பெட்ரோல் எஞ்சினில் இருப்பதைவிடக் கனமாகச் செய்யப்படுகின்றன. அந்த அடிப்பகுதி இரண்டு லட்சம், மூன்று லட்சம் கிலோமீட்டர் ஓடுவது அதிசயமில்லை. ஆனால் காமன் ரெயில் (எல்லாச் சிலிண்டருக்கும் பொதுவான ஒரு குழாயில் டீசலை உயர் அழுத்தத்தில் வைத்திருக்கும் முறை) வந்த பிறகு அதன் தலையில் ஏற்றப்பட்ட, டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர், ஹை பிரஷர் பம்ப், காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ, புகையில் ஒரு பகுதியைத் திருப்பி அனுப்பும் இ.ஜி.ஆர். வால்வு, பி.எஸ். 6 மாசு விதிக்கு உட்பட்ட வண்டிகளில் கூடுதலாக வந்த, கரித்துகளைப் பிடிக்கும் டி.பி.எஃப். ஆகியவை நுட்பமானவை, விலை கூடியவை, கவனக்குறைவைப் பொறுத்துக்கொள்ளாதவை.

ஆகவே பணத்தைத் தின்னும் கோளாறு எது, எஞ்சினையே முடித்துவிடும் கோளாறு எது என்று முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும். இன்ஜெக்டர் போனால் பணம் போகும், வண்டி மறுபடியும் ஓடும். ஆயில் இல்லாமல் ஓட்டியது, கூலண்ட் இல்லாமல் கொதிக்க விட்டது, வெள்ளத்தில் தண்ணீரை உறிஞ்ச விட்டது, கிராங்க்கின் சுழற்சியைக் கொண்டு வால்வுகளைத் திறந்து மூடவைக்கும் டைமிங் பெல்ட்டை அறுந்துபோகும் வரை மாற்றாமல் விட்டது ஆகிய நான்கும்தான் எஞ்சினைச் சாகடிப்பவற்றில் முக்கியமானவை. நான்குமே ஓட்டியவர் செய்தவை என்பதால், எஞ்சினைப் பார்க்கும்போதே விற்பவரையும் சேர்த்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

எந்த எஞ்சினை நம்பி வாங்கலாம்?

இந்தக் கேள்விக்கு ஒரு பின்னணி உண்டு. 2010 ஜூனில் பெட்ரோல் விலையை நிர்ணயிப்பதை மத்திய அரசு கைவிட்டது. டீசலுக்கு அந்தக் கட்டுப்பாடு 2014 அக்டோபர் வரை நீடித்தது. இடையில், 2012 மே மாதத்தில், சென்னையில் இரண்டுக்கும் இடையே லிட்டருக்கு 30 ரூபாய்க்கு மேல் வேறுபாடு இருந்தது. மாதம் ஐந்நூறு கிலோமீட்டர்கூட ஓட்டாதவர்களும் அப்போது டீசல் கார் வாங்கினார்கள். இன்று பழைய கார் சந்தையில் நிற்கும் டீசல் வண்டிகளில் ஏராளமானவை அந்த அலையில் வந்தவை.

அவற்றுள் அதிகம் கண்ணில் படுவது ஃபியட்டின் 1.3 மல்டிஜெட், அதாவது 1248 சி.சி. எஞ்சின். 2003-இல் அறிமுகமான இதை மாருதி உரிமம் பெற்றுத் தயாரித்து 2007-இல் ஸ்விஃப்ட்டில் வைத்தது. பிறகு டிசையர், ரிட்ஸ், எர்டிகா, சியாஸ், விட்டாரா பிரெஸ்ஸா என்று போயிற்று. டாடாவின் விஸ்டா, மான்சா, ஜெஸ்ட், ஃபியட்டின் புண்டோ, லீனியா ஆகியவற்றிலும் இதே எஞ்சின்தான். இந்தியாவின் தேசிய எஞ்சின் என்று இதை வேடிக்கையாகச் சொல்வதுண்டு. பி.எஸ். 6 விதி நடைமுறைக்கு வந்த 2020 ஏப்ரலோடு மாருதி டீசல் கார்களையே விட்டுவிட்டது. இதன் பெரிய பலம், இதைப் பிரித்துப் பூட்டத் தெரியாத மெக்கானிக் நம் ஊர்ப்பக்கம் இல்லை என்பதும், உதிரிப்பாகம் எங்கும் கிடைக்கும் என்பதும்தான். பலவீனமும் ஒன்று உண்டு. சுமார் மூன்று லிட்டர் ஆயிலை மட்டுமே கொள்ளும் சிறிய எஞ்சின் இது. அதில் ஒரு லிட்டர் குறைந்தால் மூன்றில் ஒரு பங்கு போனதாகிவிடும். டைமிங் செயினை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனர் ஆயில் அழுத்தத்தால் வேலை செய்வதால், ஆயிலைக் கவனிக்காத வண்டிகளில் செயின் தளர்ந்து சலசலக்கும்.

டொயோட்டா இன்னோவாவில் 2005 முதல் 2016 வரை வந்த 2.5 லிட்டர் எஞ்சினைப் பற்றி நான் புதிதாக எதுவும் சொல்ல வேண்டியதில்லை. டாக்ஸி ஓட்டுநர்கள் அதைத் தெய்வமாகக் கும்பிடுகிறார்கள்; அதனாலேயே விலையும் இறங்குவதில்லை. ஹூண்டாயின் 1.4, 1.6 சி.ஆர்.டி.ஐ. எஞ்சின்கள் நல்லவை. ரெனோ டஸ்டர், நிசான் சன்னி ஆகியவற்றின் 1.5 லிட்டர் எஞ்சினும், ஃபோக்ஸ்வாகன் போலோ, வென்டோ, ஸ்கோடா ராப்பிட் ஆகியவற்றின் 1.5, 1.6 டி.டி.ஐ. எஞ்சின்களும் ஓட்டச் சுகமானவை. ஆனால் இவற்றில் இருப்பது செயின் அல்ல, டைமிங் பெல்ட்; உதிரிப்பாக விலையும் கூடுதல். ஃபோர்டு 2021-இல் இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தது. செவ்ரோலெட் 2017-இலேயே விற்பனையை நிறுத்திவிட்டது. அவற்றின் எஞ்சின்களில் குறை சொல்ல எனக்கு அதிகமில்லை. எனினும், உங்கள் ஊரில் அந்த வண்டிக்குப் பாகம் வாங்கித் தரவும் வேலை பார்க்கவும் ஆள் இருக்கிறாரா என்பதை விலை பேசுவதற்கு முன்பே விசாரித்துவிடுங்கள்.

டைமிங் பெல்ட்டா, செயினா என்பது அவ்வளவு முக்கியமா?

மிகவும் முக்கியம். டீசல் எஞ்சினில் பிஸ்டனுக்கும் வால்வுக்கும் இடையே உள்ள இடைவெளி மிகக் குறைவு. பெல்ட் அறுந்தால் வால்வுகள் திறந்தபடி நிற்கும், பிஸ்டன் மேலே வந்து அவற்றை அடிக்கும். எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றாமல் அதற்குப் பிறகு எதுவும் செய்ய முடியாது. செயின் அப்படித் திடீரென்று கைவிடுவது குறைவு. பல நாள் சத்தம் போட்டு எச்சரிக்கும்.

பெல்ட் உள்ள வண்டியாக இருந்தால், கடைசியாக எந்தக் கிலோமீட்டரில் மாற்றினார்கள் என்பதற்கு ரசீது கேளுங்கள். "மாற்றியாயிற்று" என்ற வாய்ச்சொல் போதாது. முன்சொன்ன 2.5 லிட்டர் இன்னோவாவில் மீட்டர் பலகையிலேயே பெல்ட் மாற்றச் சொல்லி ஒரு விளக்கு எரியும். ஆனால் பெல்ட்டைத் தொடாமலே அந்த விளக்கை மட்டும் அணைத்துவிட முடியும் என்பதும் தெரிந்திருக்கட்டும். ரசீது இல்லையென்றால், பெல்ட், டென்ஷனர், ஐட்லர், கூடவே வாட்டர் பம்ப் ஆகியவற்றை மாற்றும் செலவை விலையில் கழித்துப் பேசுவதுதான் முறை. கிலோமீட்டர் கணக்கு முடியாவிட்டாலும் ஆண்டுக்கணக்கு முடிந்திருக்கலாம். ரப்பர் வயதாலும் கெடும்.

எத்தனை கிலோமீட்டர் வரை ஓடிய வண்டியை வாங்கலாம்?

எண்ணை மட்டும் வைத்து முடிவு செய்தால் ஏமாறுவீர்கள். பத்து ஆண்டில் 60,000 கிலோமீட்டர் ஓடிய வண்டி என்றால் பெரும்பாலும் அது பள்ளிக்கூடம், கடைத்தெரு, அலுவலகம் என்று நான்கைந்து கிலோமீட்டர் தூரங்களில், எஞ்சின் சூடேறுவதற்குள் அணைக்கப்பட்டு ஓடியது. டீசல் எஞ்சினுக்கு அதைவிடக் கெடுதலான வாழ்க்கை இல்லை. கரி படியும், ஆயில் கெடும், டர்போவினுள் புகையைத் திருப்பிவிடும் சிறு தகடுகள் ஒட்டிக்கொள்ளும். சென்னையிலிருந்து திருச்சிக்கும் மதுரைக்கும் நெடுஞ்சாலையில் ஓடி, பத்தாயிரத்துக்கு ஒருமுறை ஆயில் மாற்றப்பட்ட ஒன்றரை லட்சம் கிலோமீட்டர் வண்டியின் எஞ்சின், அதைவிட நல்ல நிலையில் இருப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

மீட்டரைக் குறைப்பது சாதாரணமாக நடக்கிறது. கிளட்ச், பிரேக் பெடல்களின் ரப்பர், ஸ்டியரிங்கின் வழவழப்பு, ஓட்டுநர் இருக்கையின் கதவுப்பக்க விளிம்பு ஆகியவை மீட்டரைவிட நாணயமானவை. டி போர்டு வண்டியை ஓன் போர்டாக மாற்றி விற்பதும் உண்டு என்பதால் ஆர்.சி.யின் பழைய விவரங்களைப் பாருங்கள். சில வண்டிகளில் ஸ்கேனரை மாட்டினால், எஞ்சின் எத்தனை மணி நேரம் ஓடியது என்ற கணக்கும் கிடைக்கும். கிலோமீட்டரை அந்த மணி நேரத்தால் வகுத்தால் சராசரி வேகம் வரும். அது பதினைந்தைத் தாண்டவில்லை என்றால் வண்டி நகரப் போக்குவரத்தில் நின்று நின்றே தேய்ந்திருக்கிறது, அல்லது மீட்டர் குறைக்கப்பட்டிருக்கிறது.

பார்க்கப் போகும்போது முதலில் செய்ய வேண்டியது என்ன?

பானட்டின் மேல் கையை வையுங்கள். சூடாக இருந்தால் அன்று பார்க்க வேண்டாம். மறுநாள் விடிகாலையில் வருவதாகச் சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

இதை நான் காசு கொடுத்துக் கற்றேன். ஒரு சிறிய டீசல் காரைப் பார்க்கப் போனபோது பானட் கொதித்தது. "இப்பத்தான் சார் டீசல் போட்டுட்டு வந்தேன்" என்றார் விற்றவர். டீசல் முள் சிவப்புக் கோட்டில் கிடந்ததைக் கவனித்தும், வண்டி நன்றாக ஓடியதால் நான் எதுவும் கேட்கவில்லை. மூன்றாம் வாரம் ஊட்டியில் ஒரு விடுதி வாசலில், காலை ஆறரை மணிக்கு, அந்த வண்டி பேட்டரி தீரும் வரை சுற்றியதே தவிரப் பற்றவில்லை. ஆறிய எஞ்சின் பற்றுவதற்காகச் சிலிண்டரைச் சூடாக்கும் குளோ பிளக்குகளில் இரண்டு எரிந்திருந்தன, இரண்டு இன்ஜெக்டர்கள் டீசலைத் திருப்பி வழியவிட்டுக்கொண்டிருந்தன. சமவெளியின் வெப்பம் இவ்விரண்டு குறைகளையும் மறைத்து வைத்திருந்தது.

ஆறிய எஞ்சினில் சாவியை ஸ்டார்ட்டுக்கு முந்திய 'ஆன்' நிலைக்குத் திருப்பி, குளோ பிளக் விளக்கு அணைந்த பின் ஸ்டார்ட் செய்யுங்கள். நல்ல எஞ்சின் ஓரிரு நொடியில் பிடித்துக்கொள்ளும். முதல் சில நொடிகள் கடகடவென்ற சத்தம் கூடுதலாக இருப்பது டீசலின் இயல்பு. செயின் பக்கத்திலிருந்து சங்கிலியை உலுக்குவது போன்ற சத்தம் வந்து, ஆயில் ஏறிய பின் அடங்கினால் அது இயல்பல்ல. சத்தம் அடங்கிய பின்னும் எஞ்சின் ஒரு காலை நொண்டுவது போல் ஆடினால் இன்ஜெக்டரையோ கம்ப்ரஷனையோ (சிலிண்டருக்குள் காற்று அழுந்தும் அளவையோ) சந்தேகிக்க வேண்டும்.

புகையின் நிறத்தைக் கொண்டு என்ன சொல்லலாம்?

கறுப்புப் புகை என்றால் எரிபொருள் கூடுதல், காற்று குறைவு: ஏர் ஃபில்டர் அடைப்பு, டர்போ குழாயில் விரிசல், கெட்ட இன்ஜெக்டர், திறந்தபடி சிக்கிய இ.ஜி.ஆர். ஆகியவற்றில் ஒன்று. நீலம் கலந்த புகை ஆயில் எரிவதைக் காட்டும்; ரிங், வால்வு சீல், டர்போ சீல் ஆகியவற்றில் எது என்பதைப் பிரித்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும். வெள்ளைப் புகை காலையில் சற்று வந்து, கண்ணெரியும் டீசல் வாடை வீசினால் எரியாத டீசல். சூடேறிய பின்னும் நிற்காமல் தித்திப்பான வாடை வீசினால் கூலண்ட் உள்ளே போகிறது, அதாவது ஹெட் கேஸ்கட் வேலை காத்திருக்கிறது. கூலண்ட் தொட்டியின் மூடியைக் குளிர்ந்த நிலையில் திறந்து பார்ப்பதும் அதே கணக்கில் சேரும். வெறும் குழாய்த் தண்ணீரோ, துருவோ, எண்ணெய்ப் படலமோ இருந்தால் வந்த வழியே திரும்பலாம்.

ஆயில் மூடியைத் திறந்து பார்க்கச் சொல்கிறார்களே, அது எதற்காக?

பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்கும், சிலிண்டரின் உட்சுவரான போரும் தேய்ந்தால், எரிந்த வாயு பிஸ்டனைத் தாண்டிக் கீழே கிராங்க் அறைக்குள் இறங்கும். எஞ்சின் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றி, அதே வாயின் மேல் தலைகீழாக வைத்துப் பார்த்தால், மூடி இலேசாக நடுங்குவது சாதாரணம். இட்லிப் பானை மூடி போலத் துள்ளி, வாயிலிருந்து புகை விட்டுவிட்டு வந்தால் ரிங் போய்விட்டது. இது தோராயமான சோதனைதான். ஐயம் இருந்தால் கம்ப்ரஷன் அளவு எடுக்கச் சொல்லுங்கள்; நான்கு சிலிண்டரும் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருக்கிறதா என்பதே அதில் பார்க்க வேண்டியது.

ஆயில் கறுப்பாக இருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். டீசல் வண்டியில் புது ஆயிலே சில நாளில் கறுத்துவிடும். நான் பயப்படுவது, பத்தாண்டு வண்டியில் தேன் நிறத்தில் ஆயில் இருந்தால்தான்; நேற்று மாற்றியிருக்கிறார்கள், ஏன் என்று கேட்க வேண்டும்.

இன்ஜெக்டர் ஏன் இவ்வளவு செலவு வைக்கிறது?

காமன் ரெயிலில் டீசல் 1,600 பார், சில எஞ்சின்களில் 2,000 பார் அழுத்தத்தில் நிற்கிறது. அதைத் தலைமுடியைப் போன்ற துளைகள் வழியாக, ஒரு சுழற்சியில் பலமுறை, மில்லிநொடிக்கும் குறைவான நேரத்தில் திறந்து மூடிப் பீய்ச்ச வேண்டும். அத்தகைய பாகத்தில் தண்ணீரோ தூசியோ புகுந்தால் என்ன மிஞ்சும்? பம்பும் இன்ஜெக்டரும் டீசலாலேயே மசகு பெறுகின்றன. கலப்பட டீசல், தொட்டி வறளும் வரை ஓட்டுவது, ஃபில்டரைக் காலத்தில் மாற்றாதது ஆகிய மூன்றும் அவற்றைத் தேய்க்கின்றன. ஹை பிரஷர் பம்ப் உள்ளே உரசி இரும்புத்தூள் விடத் தொடங்கினால், அந்தத் தூள் ரெயில், இன்ஜெக்டர், திரும்பும் குழாய், தொட்டி என்று எல்லா இடமும் போய்விடும். பம்பை மட்டும் மாற்றினால் புதிய பம்பும் வீண். அப்படிப்பட்ட வண்டியை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் நான் வாங்க மாட்டேன்.

சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. பம்ப் நாசில் வேலை பார்க்கும் பட்டறையில், நான்கு இன்ஜெக்டரின் திரும்பும் குழாய்களையும் கழற்றி நான்கு சிறு புட்டிகளில் விட்டு, எஞ்சினை ஓட விடுவார்கள். மற்றவற்றைவிட ஒரு புட்டி வேகமாக நிறைந்தால் அந்த இன்ஜெக்டர் கசிகிறது. இன்ஜெக்டரின் அடியில் தார் போலக் கரி கட்டியிருந்து, 'சப் சப்' என்று காற்று தப்பும் சத்தம் வந்தால், அங்குள்ள செம்பு வாஷர் போயிருக்கிறது. சில ரூபாய்ப் பொருள், ஆனால் கரியில் ஒட்டிக்கொண்ட இன்ஜெக்டரைக் கழற்றுவது பெரிய வேலை. பல வண்டிகளில் இன்ஜெக்டரை மாற்றினால் அதன் மேல் பொறித்துள்ள குறியீட்டை ஸ்கேனர் மூலம், எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான இ.சி.யு.வில் ஏற்ற வேண்டும். ஏற்றாமல் விட்ட வண்டிகள் புதிய இன்ஜெக்டரோடும் நொண்டுவதைப் பார்த்திருக்கிறேன்.

டர்போவை எப்படிப் பார்ப்பது?

சிறிய காரின் டர்போ நிமிடத்துக்கு ஒன்றரை லட்சம் சுற்றுக்கு மேல் சுழல்கிறது. அதன் தண்டைத் தாங்கி நிற்பது ஓர் ஆயில் படலம்தான். ஸ்டார்ட் செய்தவுடன் உறுமவிடுவது, நெடுஞ்சாலையில் விரட்டி வந்து அதே நொடியில் அணைப்பது, கெட்ட ஆயிலோடு ஓட்டுவது ஆகியவை அந்தப் படலத்தை அழிக்கின்றன. ஓட்டிப் பார்க்கும்போது மூன்றாம் கியரில், 1,500 சுற்றிலிருந்து முழுதாக மிதியுங்கள். 2,000-ஐ ஒட்டி இழுவை தெளிவாக ஏற வேண்டும். ஏறாமல் கறுப்புப் புகை மட்டும் வந்தாலும், ஆம்புலன்ஸ் சைரன் போன்ற ஊளை கேட்டாலும் கவனம் தேவை. டர்போவிலிருந்து வரும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் குழாயைக் கழற்றிப் பார்த்தால் உட்புறம் மெல்லிய எண்ணெய்ப் பூச்சு இருக்கும், அது சாதாரணம். ஆயில் தேங்கி நின்றால் சீல் போய்விட்டது.

சீல் போன டர்போவோடு ஓட்டுவது விளையாட்டல்ல. ஆயில் அளவுக்கு மேல் உள்ளே போனால் எஞ்சின் அதையே எரிபொருளாகக் கொண்டு, சாவியை அணைத்தாலும் நிற்காமல் உச்ச வேகத்தில் ஓடும். கியர் வண்டியில் அப்படி நேர்ந்தால், பிரேக்கை முழுதாக மிதித்து, மேல் கியரைப் போட்டு, கிளட்சை விட்டு எஞ்சினை அடக்க வேண்டும். பானட்டைத் திறந்து குனிந்து பார்க்கக் கூடாது.

இ.ஜி.ஆர். அடைத்துக்கொண்டால் எஞ்சின் கெட்டுவிடுமா?

உடனே கெடாது. புகையின் ஒரு பகுதியை மறுபடி உள்ளே அனுப்பும் வால்வு அது. கரி படிந்து சிக்கினால் இழுவை குறையும், புகை கூடும். கழற்றிச் சுத்தம் செய்யலாம். தகடு வைத்து அடைத்துவிடும் பழக்கம் நம்மிடம் பரவலாக இருக்கிறது. அது மாசு விதிக்கு எதிரானது, நான் பரிந்துரைப்பதில்லை.

பி.எஸ். 6 டீசல் காரைப் பழையதாக வாங்கலாமா?

நகரத்துக்குள் மட்டும் ஓட்டப் போகிறவர் என்றால் வேண்டாம் என்பதே என் பதில். டி.பி.எஃப். என்பது சைலன்சர் வழியில் கரித்துகளைப் பிடித்து வைக்கும் வடிகட்டி. பிடித்த கரியை அவ்வப்போது 600 டிகிரியை ஒட்டிய சூட்டில் எரித்துவிட வேண்டும். அதற்கு எஞ்சின் கூடுதல் டீசலைப் பீய்ச்சுகிறது, வண்டி பதினைந்து இருபது நிமிடமாவது சீரான வேகத்தில் ஓட வேண்டும். அண்ணா சாலையில் சிக்னலுக்குச் சிக்னல் நிற்கும் வண்டியில் அது பாதியில் நின்றுவிடும். எரியாத டீசல் சிலிண்டர் சுவர் வழியே வழிந்து ஆயிலில் கலக்கும். டிப்ஸ்டிக்கில் ஆயில் அளவு குறைவதற்குப் பதிலாக மேல் கோட்டைத் தாண்டி ஏறியிருந்து, முகர்ந்தால் டீசல் வாடை வந்தால், அந்த வண்டி எப்படி ஓட்டப்பட்டது என்பதற்கு வேறு சான்று தேவையில்லை. நீர்த்துப்போன ஆயில் பேரிங்கையும் டர்போவையும் காப்பாற்றாது.

வாங்குவதற்கு முன் ஸ்கேனரில் டி.பி.எஃப்.பின் கரி அளவையும், கடைசியாக அது எரிக்கப்பட்டு எத்தனை கிலோமீட்டர் ஆயிற்று என்பதையும் பார்க்கச் சொல்லுங்கள். கரி எரியும், ஆயிலிலிருந்து வரும் சாம்பல் எரியாது, அது நிறைந்தால் டி.பி.எஃப்.பைக் கழற்றிச் சுத்தம் செய்யவோ மாற்றவோ வேண்டியதுதான். குறைந்த சாம்பல் ஆயிலைத்தான் ஊற்ற வேண்டும் என்று கையேடு சொல்வது அதனால்தான். உள்ளிருப்பதை உடைத்தெடுத்துவிட்டு மென்பொருளை ஏமாற்றி விற்கப்படும் வண்டிகளும் உண்டு. சைலன்சர் குழாயின் உட்புறத்தை விரலால் துடைத்துப் பாருங்கள். வடிகட்டி ஒழுங்காக உள்ள வண்டியில் விரல் ஏறக்குறையச் சுத்தமாகவே வரும்.

புகையின் மாசைக் குறைக்க யூரியாக் கரைசல் ஊற்றும் வண்டியாக இருந்தால் அதற்கெனத் தனித் தொட்டி இருக்கும். தவறி டீசல் தொட்டியில் ஊற்றிவிட்டால் எரிபொருள் அமைப்பு முழுவதும் பாழாகும்.

வெள்ளத்தில் மாட்டிய வண்டி என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது?

2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பிறகும், சென்னையில் நனைந்த வண்டிகள் வெளியூர்ச் சந்தைகளுக்குப் போயின. தண்ணீர் அழுந்தாது. ஏர் ஃபில்டர் வழியாக உறிஞ்சப்பட்ட தண்ணீர் சிலிண்டரில் நிற்கும்போது பிஸ்டன் மேலே வந்தால், கனெக்டிங் ராடு வளைகிறது. டீசலில் அழுத்தும் இடம் மிகச் சிறியது என்பதால் கொஞ்சம் தண்ணீரே போதும். முழுதாக வளைந்த ராடு அன்றே தெரிந்துவிடும். ஆபத்தானது இலேசாக வளைந்த ராடு. தண்ணீரை வெளியேற்றி, ஆயிலை மாற்றினால் வண்டி ஓடும். சில மாதம் கழித்து ராடு முறிந்து பிளாக்கைத் துளைத்துக்கொண்டு வரும். நான்கில் ஒரு சிலிண்டரில் மட்டும் கம்ப்ரஷன் குறைவாக இருந்தால் இதையும் நினைவில் கொள்ளுங்கள்.

சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள். உள்பகுதியில் மண்கறை ஒரு கோடாக நிற்கும். கார்ப்பெட்டுக்கு அடியில், இருக்கை போல்ட்டுகளில், ஸ்டெப்னி குழியில் வண்டல் இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். காப்பீட்டு இழப்பீட்டு வரலாற்றையும் கேட்டு வாங்குங்கள். எஞ்சின் பாதுகாப்புக்கென்று தனியாகச் சேர்க்கும் பாலிசி இல்லாதவர்களுக்கு இத்தகைய சேதத்துக்குப் பெரும்பாலும் பணம் கிடைப்பதில்லை. அதனால் சிலர் பதிவில் எதுவும் வராமலே சரிசெய்து விற்றுவிடுகிறார்கள்.

டீசல் வண்டியில் தவறுதலாகப் பெட்ரோல் போட்டுவிட்டால்?

சாவியையே போடாதீர்கள். சாவி போட்டவுடன் பல வண்டிகளில் தொட்டியிலுள்ள பம்ப் ஓடத் தொடங்கிவிடும். தள்ளி ஓரம் கட்டி, தொட்டியை வடிக்கச் சொல்லுங்கள். ஸ்டார்ட் செய்யாதவரை செலவு சிறிது.

எஞ்சின் வேலை பார்த்த வண்டியை வாங்கலாமா?

யார் பார்த்தார், எதற்காகப் பார்த்தார் என்பதைப் பொறுத்தது. பில் இருந்து, லேத் பட்டறையில் போர் போட்டது, கிராங்க் கிரைண்டிங் செய்தது, ஹெட் முகம் தேய்த்தது எல்லாம் அதில் எழுதப்பட்டிருந்தால், தொடாத எஞ்சினைவிட அதையே விரும்புவேன். "ரிங் மட்டும் மாற்றினோம்" என்றால் தயங்குவேன். தேய்ந்த போரில் புது ரிங் உட்காராது. வேறு வண்டியின் எஞ்சினைப் புதுப்பேட்டையிலோ உக்கடத்திலோ வாங்கி மாட்டியிருந்தால், பிளாக்கில் பொறித்துள்ள எண் ஆர்.சி.யில் உள்ள எண்ணோடு ஒத்துப்போகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். ஒத்துப்போகாத வண்டியின் சிக்கல் மெக்கானிக்கால் தீர்க்கக்கூடியதல்ல.

டெல்லி வண்டி மலிவாகக் கிடைக்கிறது, எஞ்சின் எப்படி இருக்கும்?

தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015-இல் டெல்லி வட்டாரத்தில் பத்தாண்டு கடந்த டீசல் வண்டிகளுக்குத் தடை விதித்ததும், 2018-இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்ததும்தான் அந்த மலிவுக்குக் காரணம். எஞ்சின் மோசம் என்பதல்ல. ஆனால் தடையில்லாச் சான்று, இங்கே மறுபதிவு, ஆயுள் வரி ஆகியவற்றைக் கூட்டினால் மலிவு பெரும்பாலும் கரைந்துவிடும். மேலும், ஆறிய எஞ்சினை உங்கள் மெக்கானிக் பார்க்காமல் லாரியில் ஏற்றி வரவழைக்கும் வண்டிக்கு, மேலே சொன்ன எந்தச் சோதனையும் பயன்படாது.

அப்படியானால் டீசல் யாருக்கு?

மாதம் ஆயிரத்து ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல், அதிலும் பாதியாவது நெடுஞ்சாலையில், ஓட்டுகிறவர்களுக்கு. அன்று 30 ரூபாயாக இருந்த விலை வேறுபாடு இன்று சென்னையில் எட்டு ரூபாயை ஒட்டி நிற்கிறது. மைலேஜ் கூடுதல் என்பது உண்மைதான்; ஆனால் ஒரு செட் இன்ஜெக்டர் மூன்று ஆண்டு மைலேஜ் லாபத்தை ஒரே நாளில் விழுங்கிவிடும். வார இறுதியில் கோயிலுக்குப் போக ஒரு கார் என்று என்னிடம் கேட்பவர்களைப் பெட்ரோல் பக்கம்தான் அனுப்புகிறேன்.

வாங்கிய முதல் வாரத்தில் என்ன செய்ய வேண்டும்?

விற்றவர் என்ன சொல்லியிருந்தாலும், எஞ்சின் ஆயில், ஆயில் ஃபில்டர், டீசல் ஃபில்டர், ஏர் ஃபில்டர், கூலண்ட் ஆகியவற்றை மாற்றிவிட்டு, அந்தத் தேதியிலிருந்து உங்கள் கணக்கைத் தொடங்குங்கள். டீசல் ஃபில்டரின் அடியில் தேங்கும் தண்ணீரை ஒரு கண்ணாடிக் குவளையில் வடித்துப் பாருங்கள். முதல் மாதம் வாரத்துக்கு ஒருமுறை, காலையில், சமதரையில் டிப்ஸ்டிக்கைப் பார்த்து எழுதி வையுங்கள். ஆயில் குடிக்கிறதா இல்லையா என்பது நான்கு வரியில் தெரிந்துவிடும்.

கழற்றிய ஆயில் ஃபில்டரை மெக்கானிக் குப்பையில் போடுவதற்கு முன் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பட்டறையிலேயே ரம்பத்தால் அறுத்து, மடிப்புக் காகிதத்தை விரித்து வெயிலில் பிடித்துப் பார்த்தால், கரிக்குழம்பு மட்டும் இருந்தால் நல்லது. ஜரிகைத் தூள் போல வெள்ளியும் செம்பும் மினுக்கினால் பேரிங் கரையத் தொடங்கியிருக்கிறது. அன்றே வண்டியை நிறுத்தி, எஞ்சினின் அடியிலுள்ள ஆயில் தொட்டியான சம்ப்பைக் கழற்றி, பேரிங் ஷெல்களைப் பார்க்கச் சொல்லுங்கள். அந்த நிலையில் ஷெல்லோடு முடிந்துவிடக்கூடிய வேலை, இன்னும் ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டினால் கிராங்க்கையும் சேர்த்துக் கேட்கும்.